கோப்பு முறைமையின் மீட்பைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்சாரம் திடீரென நின்றபின் ஒரு கோப்பு முறைமை எப்படி மீள்கிறது என்று சோதிப்பவர்கள் செய்யும் முதல் தவறு, மின்வெட்டை உண்டாக்காமலே அதைச் சோதித்துவிட்டதாக நம்புவது. கியூஇஎம்யூ என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருளில் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) ஓட்டி, வட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கியூஇஎம்யூவையே கில் செய்து, பிறகு வட்டை மவுண்ட் செய்து (பயன்பாட்டுக்கு இணைத்து) பார்ப்பது பலரது வழக்கம். ஆனால் உள்ளே ஓடிய கெர்னல் அனுப்பி முடித்தவையெல்லாம் அதற்குள் வெளி இயந்திரத்தின் பேஜ் கேஷில் (நினைவகத்தில் உள்ள தற்காலிகச் சேமிப்பில்) சேர்ந்திருக்கும். அந்த இயந்திரம் ஓடிக்கொண்டே இருப்பதால் அவற்றில் ஒன்றும் தொலையாது. கேஷில் உள்ளதை வட்டில் நிலையாகப் பதிக்கச் சொல்லும் பிளஷ் கட்டளையை அனுப்பவே மறந்த கோப்பு முறைமைகூட இந்தச் சோதனையில் தேறிவிடும் என்பதால், மற்ற எல்லாத் தவறுகளையும்விட இதுவே அதிகம் ஏமாற்றுவது என்பேன்.

உண்மையான வட்டுக்குள் ஒரு கேஷ் இருக்கிறது. இரண்டு பிளஷ்களுக்கு இடையே அனுப்பப்பட்ட பிளாக்குகளில் எவை நிலைத்தன, எவை போயின என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. ஜர்னலில், அதாவது மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேட்டில், இரண்டு மெட்டாடேட்டா (கோப்புகளைப் பற்றிய விவரம்) பிளாக்குகளையும் அவற்றுக்குப் பின் பரிவர்த்தனை முடிந்தது என்று குறிக்கும் கமிட் பிளாக்கையும் எழுதுவதாகக் கொள்வோம். இடையில் பிளஷ் விடுபட்டு, கமிட் பிளாக் மட்டும் வட்டில் பதிந்த நொடியில் மின்சாரம் போனால், செக்சம் (சரிபார்ப்பு எண்) இல்லாத ஜர்னல் அதை முடிந்த பரிவர்த்தனை என்று நம்பி, அங்கே கிடக்கும் பழைய குப்பையை கோப்புகளின் விவரங்களை வைத்திருக்கும் ஐனோடு அட்டவணையின் மேல் எழுதிவிடும். ஆகவே, அனுப்பிய வரிசையை அப்படியே ஓரிடத்தில் வெட்டிப் பார்ப்பது போதாது. லினக்ஸின் டிஎம்-லாக்-ரைட்ஸ் போன்ற கருவியால் எழுதும் செயல்களையும் பிளஷ்களையும் பதிவு செய்துகொண்டு, பிளஷ்களுக்கு இடைப்பட்டவற்றில் சிலவற்றை விட்டுவிட்டு வட்டின் படிமங்களை (நகல்களை) உருவாக்க வேண்டும். மூன்று பிளாக்குகளுக்கு 8 நிலைகள்தாம். இருபதுக்கு 10 லட்சத்தைத் தாண்டும் என்பதால் அங்கே தேர்ந்தெடுத்துத்தான் பார்க்க முடியும்.

அடுத்த தவறு, மவுண்ட் ஆனது, கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கருவி குறை சொல்லவில்லை என்பதோடு திருப்தியடைவது. எல்லாக் கோப்புகளையும் இழந்த வெற்று வட்டும் எஃப்எஸ்சிகேவின் பார்வையில் குறையற்றதுதான். ஒரு கோப்பின் தரவை வட்டில் நிலையாகப் பதிக்கக் கேட்கும் எஃப்சின்க் அழைப்பு வெற்றி என்று திரும்பிய பிறகு அந்தத் தரவு இருந்தே ஆக வேண்டும். தற்காலிகக் கோப்பில் எழுதி, எஃப்சின்க் செய்து, பழைய பெயருக்கு ரீநேம் செய்தால், பழைய உள்ளடக்கமோ புதியதோ முழுதாக இருக்க வேண்டும். அந்த எஃப்சின்க்கைத் தவிர்த்த நிரல்கள் லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் வெற்றுக் கோப்புகளைப் பெற்றதுதான் 2009இல் எழுந்த பெரிய விவாதம். மறுபுறம், எஃப்சின்க் கேட்காத தரவு போனதைப் பிழையாகக் குறிப்பதும் தவறே. எந்த எஃப்சின்க் திரும்பியது என்ற குறிப்பைச் சோதனைக்குள்ளாகும் வட்டிலேயே வைக்காமல், சீரியல் கன்சோல் வழியாக வெளியே அனுப்புங்கள். இல்லையெனில் தரவோடு சாட்சியும் அழியும்.

மீட்பு நடக்கும்போதே மீண்டும் மின்சாரம் போகலாம் என்பதைப் பலர் நினைப்பதில்லை. ஜர்னலைப் பாதி இயக்கிய நிலையில் நிறுத்தி, மறுபடி தொடக்கத்திலிருந்து இயக்கினாலும் முடிவு மாறக் கூடாது. படிமத்தை ஆராயும் முன் நகலெடுத்துக்கொள்வதும் அவசியம். இஎக்ஸ்டி4ஐ 'வாசிக்க மட்டும்' என்று மவுண்ட் செய்தாலும் அது ஜர்னலை இயக்கி வட்டில் எழுதும் என்பதால், தடயம் அங்கேயே கலைந்துவிடும்.

மணிக்கணக்கில் ஓடும் பெருஞ்சுமைச் சோதனைதான் பிழையைப் பிடிக்கும் என்ற எண்ணமும் சரியல்ல. டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் உருவாகி 2018இல் வெளிவந்த கிராஷ்மங்கி ஆய்வு, புதிதாக உருவாக்கிய சிறிய வட்டில் லிங்க், ரீநேம் போன்ற மூன்று செயல்களுக்கு மேற்படாத வரிசைகளைக் கொண்டே, முன்பு அறிவிக்கப்பட்டிருந்த 26 பிழைகளில் 24ஐ மீண்டும் கண்டது. லினக்ஸ் கோப்பு முறைமைகளில் 10 புதிய பிழைகளையும் வெளிக்கொணர்ந்தது. கணித நிறுவலோடு எழுதப்பட்ட எஃப்எஸ்சிக்யூ என்ற கோப்பு முறைமையிலும், அந்த நிறுவலுக்கு வெளியே இருந்த பகுதியில், ஒரு பிழை அதே முறையில் அகப்பட்டது.