சேலத்துத் தெருவோர மரங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடைபாதை போடுவது ஒரு ஒப்பந்தம், மரம் நடுவது இன்னொன்று. பாதைக்குக் கல் பதித்து முடித்த பிறகு நடுவில் குழி பறித்தால் நடக்கவும் இடமிருக்காது, மரமும் தேறாது. பாதிக் கோளாறு இங்கேதான் தொடங்குகிறது.

சாலைகளுக்குத் தர விதிகள் வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (IRC) என்ற பொறியாளர் அமைப்பின் 2012 வழிகாட்டி, தடையில்லாமல் நடக்க மட்டும் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் கேட்டது. மரக்குழி, மின்கம்பம், பெயர்ப்பலகை எதுவும் அதில் சேராது. அவற்றுக்கு ரோட்டை ஒட்டி 1.2 மீட்டர் பட்டை தனியாக ஒதுக்குங்கள். அந்த இடமில்லாத தெருவில் நடைபாதையைத் தொடாமல், கார் நிறுத்தும் வரிசையில் இரண்டு காருக்கு ஒரு குழி விடலாம். ஏறக்குறைய 10 மீட்டருக்கு ஒரு மரம் வரும். செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் அதுவும் நடக்காது, வீட்டு வாசலில் ஒரு கொடிப்பந்தல் போதும்.

ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் நடைபாதையையே வெட்டி இறக்குவது அடுத்த தவறு. ஏறி இறங்கிச் சலித்தவர்கள் ரோட்டில்தான் நடப்பார்கள். பாதை ஒரே மட்டத்தில் ஓடட்டும். வண்டி ஏறும் சரிவை அந்த 1.2 மீட்டர் பட்டைக்குள்ளேயே முடித்துவிடலாம். அதற்கு ஓரக்கல் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

எல்லாவற்றையும்விட மோசமானது, மரத்தைச் சுற்றி மேடை கட்டி கிரானைட் ஒட்டுவது. உட்கார வசதிதான். ஆனால் மேடைக்குள் மண்ணை நிரப்பும்போது அடித்தண்டு புதைந்து பட்டை அழுகும், ரோட்டில் ஓடும் மழைநீரும் வேருக்கு எட்டாது. குழி மண் ரோட்டு மட்டத்துக்கு 5 சென்டிமீட்டராவது கீழே இருக்கட்டும். ஓரக்கல்லில் ஒரு அடி அகலத்துக்கு இடைவெளி விட்டால் ஏற்காட்டு அடிவாரத்திலிருந்து சரிந்து வரும் வெள்ளத்தில் கொஞ்சமாவது குழிக்குள் இறங்கும்.

குழி ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழம். தோண்டியதும் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் அடியில் சுக்கான் பாறை (சுண்ணாம்பு இறுகிய அடுக்கு) இருக்கலாம். கடப்பாரையால் உடைத்து வழி விடாவிட்டால் வேர் அழுகும். மாமாங்கம் பக்கத்து வெள்ளைக்கல் மண்ணில் மக்னீசியம் மிகுதி. அதையே திரும்பக் கொட்டாமல் வெளியிலிருந்து செம்மண் கொண்டுவந்து, மூன்று பங்குக்கு ஒரு பங்கு மக்கிய எரு கலந்து நிரப்புங்கள். கட்டட இடிபாடு ஒரு கூடைகூட வேண்டாம்.

மின்கம்பிக்கு அடியில் மந்தாரை, சரக்கொன்றை. கம்பி இல்லாத பக்கம் புங்கன், வேம்பு, மகிழம். ஏற்காட்டில் காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கைக் கீழே இறக்க ஆசைப்படாதீர்கள், இந்த வெயில் அதற்கு ஆகாது. முழங்கால் உயரக் கன்று ஆட்டுக்குத்தான். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த கன்றாக வாங்கி ஆவணி, புரட்டாசியில் நடுங்கள். இரண்டு கோடைக்கு வாரம் இருமுறை 20 லிட்டர் ஊற்ற ஆளும் காசும் ஒதுக்கிய பிறகே எத்தனை கன்று என்று முடிவு செய்யுங்கள்.

கன்றைச் சுற்றி வைக்கும் இரும்புக் கூண்டை மூன்றாம் ஆண்டு கழற்றும் வேலையும் மரம் நடும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.