கஞ்சி போட்ட பாவும் தைத்த விரலும்

மருதமுனையில் தறி நெய்பவள் நான். ஈரப்பலா வெட்டும்போது கத்தி சறுக்கி, இடக்கை மோதிர விரலை மடக்கும் தசைநாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் நார்கள்) இரண்டும் அறுந்துபோயின. சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும், "அசைக்காமல் வைத்திரு, நன்றாக ஒட்டட்டும்" என்றார் ராத்தா (அக்கா). ஒட்டத்தான் செய்யும், ஆனால் தசைநாண் தன் உறையோடும் ஒட்டிவிடும். பிறகு விரல் மடங்காது. கஞ்சி போட்ட பாவை, அதாவது தறியின் நீளவாட்டு நூல்களை, வாரிவிடாமல் காயவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று நெசவாளருக்குத் தெரியும்.

அதே நேரம், முதல் சில வாரங்களில் தசைநாணில் போட்ட தையல் பலமற்றது. விரலை நீங்களே இறுக்கி மடக்கினால் அறுந்துவிடும். எனவே விரல் அசைய வேண்டும், அதன் தசை இழுக்கக்கூடாது. இயன்மருத்துவர் எனக்குக் கற்றுத்தந்தது இதைத்தான்.

கையின் பின்புறம் தாங்கலாகக் கட்டிய மட்டையைக் கழற்றாமல் முன்கையை மேசையில் வையுங்கள். நல்ல கையால் விரலை மெல்ல உள்ளங்கைப் பக்கம் மடக்குங்கள். பிறகு அதை மட்டையின் முதுகைத் தொடும்வரை நிமிர்த்துங்கள். அடுத்து, நடுக்கணுவை மடக்கிப் பிடித்துக்கொண்டு நுனி மூட்டை மட்டும் மடக்கி நிமிர்த்துங்கள். இரண்டு தசைநாண்களும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவது இதனால்தான். இதை ஒருபோதும் விடாதீர்கள். 3 முதல் 5 மில்லிமீட்டர் வழுக்கினாலே ஒட்டு பெரிதும் தடுபடும் என்பது இம்முறையின் அடிப்படை. விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் 10 தடவை செய்தேன், கைபேசியில் அலாரம் வைத்து. பலமான தையல் போட்டவர்களைத் தாமாக மெல்ல மடக்கவும் சில வைத்தியர்கள் விடுவார்கள். அவர்கள் சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

கையைத் தொங்கவிடாதீர்கள். வீங்கிய விரலில் தசைநாண் வழுக்காது. நான் தலையணைகளை அடுக்கி, நெஞ்சுக்கு மேலே கையை வைத்துத் தூங்கினேன். குளிக்கும்போதும் மட்டையோடு பொலித்தீன் பை கட்டினேன். சீனி வருத்தம் (நீரிழிவு) இருந்தால் கட்டுப்பாட்டில் வையுங்கள்; புகைப்பவர்கள் நிறுத்துங்கள். இரண்டுமே ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

தோலில் போட்ட தையலைப் பிரித்துக் காயம் முழுதாக மூடிய பின், தேங்காய் எண்ணெய் தொட்டுத் தழும்பை அழுத்தி வட்டமாகத் தேய்த்தேன். தோல் மட்டும் வழுக்கினால் போதாது, அடியிலுள்ள தடிப்பும் நகர வேண்டும். ஏறக்குறைய 6 வாரத்தில் மட்டை போயிற்று. 12 வாரம்வரை குடம் தூக்கவில்லை, துணி பிழியவில்லை.

திடீரென்று "டக்" என்று ஏதோ அறுந்ததுபோல் தோன்றி நுனி மடங்காமல் போனாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ, கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.