லிஸ்பன் போறீங்களா? பெலேமுக்கு திங்கக்கிழமை போயிடாதீங்க

போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பன் போறவங்க எல்லாரும் கண்டிப்பா பெலேம்ங்கிற ஏரியா பக்கம் போவீங்க, ஆனா அங்க இருக்கிற ஜெரோனிமோஸ் மடாலயத்துக்கு திங்கக்கிழமை லீவு, அதனால செவ்வாய் இல்ல புதன் காலைல திறக்கிற நேரத்துக்கே போய் நின்னுடுங்க, லேட்டா போனா வெயில்ல நீளமான க்யூ. ஊர் நடுவுல இருந்து 15ஆம் நம்பர் டிராம் பிடிச்சா நேரா அங்க கொண்டுபோய் விட்டுடும். உள்ள சர்ச்ல வாசல் பக்கத்துலயே வாஸ்கோட காமா கல்லறை இருக்கு, கல்லுல படுத்த மாதிரி உருவம், கை ரெண்டும் கும்பிட்டபடி இருக்கும். 1498ல கோழிக்கோடு வந்த அதே ஆள்தான், 1524ல கொச்சில செத்துப்போய் முதல்ல அங்கதான் புதைச்சாங்க, அப்புறம்தான் உடம்ப போர்ச்சுகல் கொண்டு போனாங்க. ஃபோர்ட் கொச்சி சர்ச்ல அந்த பழைய இடத்த பாத்தவங்களுக்கு இத பாக்குறப்போ சிலிர்த்துடும்.

டவுன்ல கார்மோ கான்வென்ட்ங்கிற பழைய மடத்த விட்டுடாதீங்க. 1755 நவம்பர் 1 பூகம்பத்துல கூரை விழுந்தது, அப்படியே விட்டுட்டாங்க, வெறும் வளைவுகளுக்கு நடுவுல வானம் தெரியும், எனக்கு அந்த ஊர்லயே பிடிச்ச இடம் அதுதான். கீழ் தெருவுல இருந்து கார்மோவுக்கு ஏத்திவிடுற சாந்தா ஜுஸ்டா லிஃப்ட்டுக்கு கால் கடுக்க நிக்க வேணாம், பக்கத்து ஏரியா ஷியாதோ வழியா நடந்தே கார்மோ போயிடலாம்.

28ஆம் நம்பர் டிராம்ல கூட்டத்துல பர்ஸ் அடிப்பாங்க, பைய முன்னாடி மாட்டிக்கோங்க. தெரு முழுக்க வழுவழுன்னு சின்னச்சின்ன கல்லு, மழை பெஞ்சா வழுக்கும், நல்ல கிரிப் உள்ள ஷூ போட்டுக்கோங்க.