ஆணுறை கிழிந்த பிறகு 72 மணி நேரம்: மணமான பெண்களுக்கு எடுத்துச் சொல்வது எப்படி

கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழுத் தலைவி ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். அவசரக் கருத்தடை மாத்திரையை விளக்க அரை மணி நேரம் போதும். ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். மாமியாரும் கணவரும் பக்கத்தில் இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சேலத்துத் தறிக்காரத் தெருக்களில் குழுக்கூட்டம் முடிந்த கையோடு பேசலாம். ஏற்காட்டு எஸ்டேட் லைன்களில் காப்பிப் பழம் எடை போட்டு முடிந்த சாயங்காலம்தான் தோது.

'குடும்பக் கட்டுப்பாடு' என்று ஆரம்பித்தால் ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்ததாக நினைப்பார்கள். "ஏங்க்கா, உறை கிழிஞ்சு போச்சுன்னா மறுநாள் என்ன பண்ணுவீங்க?" என்று நேராகக் கேளுங்கள். உறை நழுவியது, தினமும் சாப்பிடும் கருத்தடை மாத்திரையான மாலா-என் தொடர்ந்து மூன்று நாள் விட்டுப்போனது, கருத்தடை ஊசியான அந்தரா நாலு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனது, விருப்பமில்லாமல் நடந்த உறவு என்று மற்றவற்றை அவர்களே சொல்வார்கள். கடைசியில் சொன்னதை யாராவது தயங்கிச் சொன்னால் கூட்டத்தில் துருவாதீர்கள், பிறகு தனியே பேசுங்கள்.

அடுத்து சுவர்க் காலண்டரை எடுத்து எண்ணிக் காட்டுங்கள். சனிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு நடந்தது என்றால் மாத்திரை போட வேண்டிய 72 மணி நேரம் செவ்வாய் ராத்திரி 10 மணியோடு முடிகிறது. 'மூணு நாள் இருக்கே' என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. மாத்திரை கருமுட்டை வெளியே வருவதைத் தள்ளிப்போடுகிறது, முட்டை முந்திக்கொண்டால் அதனால் பயனில்லை. ஞாயிறு காலையில் போடுவதற்கும் செவ்வாய் மாலையில் போடுவதற்கும் வித்தியாசம் அங்கேதான்.

அட்டையைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. 0.75 என்று போட்டு இரண்டு இருந்தால் இரண்டையும் சேர்த்தே விழுங்கலாம். போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு தடவை போட வேண்டும். வெறும் வயிற்றில் குமட்டல் அதிகமாக இருக்கும், ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

அதிக நேரம் பேச வேண்டியது கலைப்பு மாத்திரை பற்றி. ஏற்கெனவே தங்கிய கருவை அவசரக் கருத்தடை மாத்திரை கலைக்காது, குழந்தைக்கும் கெடுதல் செய்யாது. ஒரு பெரிய மாத்திரையும் நாலு சின்ன மாத்திரையுமாக ஐந்து இருக்கும் அட்டை வேறு, அது கருக்கலைப்புக்கு. மருத்துவர் பார்க்காமல் அதைப் போட்டால் ரத்தப்போக்கு நிற்காமல் உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். வாயால் சொன்னது மறக்கும், அட்டையின் தோற்றம் மறக்காது.

தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகளில் அவசரக் கருத்தடை மாத்திரை கிடைப்பதில்லை. கடை கடையாக அலைந்தே ஒரு நாள் போய்விடும். துணை சுகாதார நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 'ஈசி பில்' என்ற பெயரில் அது இலவசம். மலைக்கிராமத்தில் பேசப் போகுமுன் உங்கள் இருப்பையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வரச் சொல்வது, கூலி போகும் பெண்ணிடம் 'வேண்டாம்' என்று சொல்வதற்குச் சமம்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிட்டாயின், கார்பமசெபைன் சாப்பிடுகிறவர்களுக்கு மாத்திரையின் வேகம் குறையும். உடல் எடை மிக அதிகம் என்றாலும் அப்படித்தான். இவர்களுக்குக் கருப்பையில் வைக்கும் காப்பர் டி மேல். ஐந்து நாளுக்குள் போட்டால் மாத்திரையை விட நன்றாகத் தடுக்கும், பிறகும் வருடக்கணக்கில் உதவும். சனிக்கிழமைக் கணக்கில் வியாழன் ராத்திரி வரை நேரம் உண்டு. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் போட்டுக்கொள்ளலாம். பால் கொடுக்கும் தாய் மாத்திரையைத் தாராளமாகப் போடலாம்.

போட்ட பிறகு லேசாக ரத்தம் படலாம், தலை வலிக்கலாம், மாதவிலக்கு சில நாள் முந்தலாம் அல்லது பிந்தலாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் சிறுநீர்ப் பரிசோதனை. அடிவயிற்றில் கடுமையான வலி என்றால் உடனே மருத்துவமனை. போட்ட மறுநாளே உறை இல்லாமல் சேர்ந்தால் கரு தங்கலாம். அந்த மாத்திரை அடுத்த உறவைக் காக்காது. மாசாமாசம் இதையே நம்பினால் விலக்கு கண்டபடி வரும், கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடும். அப்படி வருகிறவரைக் கடியாமல், வாரம் ஒன்றிரண்டு சாப்பிடும் சாயா மாத்திரை, அந்தரா ஊசி, காப்பர் டி எதுவென்று கேளுங்கள்.

கலையும் முன் இரண்டு பேரிடம் கேளுங்கள்: "சனிக்கிழமை ராத்திரின்னா, எங்க போவீங்க, எப்ப போவீங்க?" 'ஞாயிறு காலைல நர்ஸம்மாவுக்கு போன்' என்று பதில் வரவேண்டும். வந்ததும் உங்கள் எண்ணை ஒவ்வொருவர் போனிலும் பதியச் சொல்லுங்கள். வீட்டில் போனைப் பார்ப்பார்கள் என்று பயப்படுகிறவர், தனக்கு மட்டும் தெரியும் பெயரில் பதிந்துகொள்ளட்டும்.