தோட்டத்துப் புள்ளைங்களுக்கு சைமா சீல் பத்தி சொல்லிக் குடுக்குறது எப்படி

ஸ்கூல்ல சுற்றாடல் கழகம் நடத்துற டீச்சர்மார், சனிக்கிழமை கிளாஸ் எடுக்குற அக்கா அண்ணாமார் எல்லாருக்கும்தான் இத எழுதுறேன். அழிஞ்சு போற மிருகம்னு பாடம் வந்தா நாம வழமையா பாண்டா, பனிக்கரடி படத்த ஒட்டிட்டு விட்டுர்றோம், புள்ளைங்களும் பாவம்னு சொல்லிட்டு அடுத்த பாடத்துக்கு போயிருதுங்க. அதுக்குப் பதிலா பின்லாந்துல சைமாங்கிற ஏரியில இருக்குற சைமா சீலை, அதாவது கடல்நாய்னு சொல்ற மிருகத்துல ஒரு வகைய, எடுத்துப் பாருங்க. உலகத்துல அந்த ஒரு ஏரியிலதான் அது இருக்கு, அத அதிகமா கொல்றது சாதாரண மீன் வலை. வலைன்னா என்னனு காசல்ரி, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துப் பக்கத்துப் புள்ளைங்களுக்கு நாம சொல்லித் தரவே வேணாம்.

அதனால கடல்ல ஆரம்பிக்காதீங்க, நம்ம புள்ளைங்கள்ல கடலையே பாக்காததுங்க நிறைய இருக்கு. நீர்த்தேக்கத்துல ஆரம்பிங்க. "இந்த மாதிரி நல்ல தண்ணில ஒரு சீல் இருந்தா எப்படி வந்திருக்கும்?"னு கேட்டுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருங்க, அதுங்களே ஏதாச்சும் சொல்லும். அப்புறம் ஒரு ஸ்பொஞ்ச் துண்ட மேசைல வச்சு கையால அழுத்தி மெதுவா விடச் சொல்லுங்க. பனியுகத்துல கிலோமீட்டர் கணக்குல தடிச்ச ஐஸ் அந்த நிலத்த அப்படித்தான் அழுத்தி வச்சிருந்துச்சு, ஐஸ் உருகினதும் நிலம் மேல எழும்புச்சு, கடலோட இருந்த தொடர்பு அறுந்து சீல் கூட்டம் ஒண்ணு உள்ளயே மாட்டிக்கிச்சு. இது நடந்து 9,000 வருஷத்துக்கு மேல ஆகுது. அப்பயிருந்து அந்த ஏரிதான் அதுங்களுக்கு ஊரு.

அடுத்தது குட்டி. இதுக்கு மட்டும் தனியா ஒரு நாள் ஒதுக்குங்க, அவசரப்பட வேணாம். பெப்ரவரி, மார்ச்சுல, ஏரி உறைஞ்சு கிடக்கும்போது, தாய் சீல் கரையோரமா குமிஞ்சிருக்குற பனிக்குள்ள கீழ தண்ணிப் பக்கமா இருந்து குடைஞ்சு ஒரு குகை செஞ்சு அதுலதான் குட்டி போடும், வருஷத்துக்கு ஒண்ணே ஒண்ணுதான், பொறக்கும்போது நாலஞ்சு கிலோ இருக்கும். குளிர், நரி எல்லாத்துக்கும் அந்தக் கூரைதான் பாதுகாப்பு. நுவரெலியாப் பக்கம் விடியக்காலைல புல்லு மேல பூக்குற உறைபனிய பாத்த புள்ளைங்களுக்குக்கூட இவ்வளவு பனிய நினைச்சுப் பாக்குறது கஷ்டம், அதனால ஈர மண்ணு கொண்டு வந்து ரெண்டு குவியல் செய்யுங்க, ஒண்ணு உயரமா ஒண்ணு மெல்லிசா, ரெண்டுலயும் அடியில இருந்து விரலால குகை தோண்டச் சொல்லுங்க. மெல்லிசு இடிஞ்சு விழும். வெயில் கூடி பனி குறையுற வருஷங்கள்ல அங்க நடக்குறது அதுதான், குகை இல்லாம குட்டி வெட்ட வெளியில கிடக்கும்.

இப்ப மனுசங்க என்ன செஞ்சாங்கன்னு சொல்லுங்க, புள்ளைங்க கண்ணு விரியுறது இந்த இடத்துலதான். பனி பத்தாத வருஷம் ஆராய்ச்சிக்காரங்களும் ஊர்ச் சனமும் மண்வெட்டியோட உறைஞ்ச ஏரி மேல நடந்து போய் கரையோரமா பனிய அள்ளிக் குமிச்சு விடுறாங்க. 2014ல அத பெரிய அளவுல செஞ்சாங்க, சீல்களும் வந்து அதுக்குள்ள குடைஞ்சு குட்டி போட்டுச்சுங்க. மண்வெட்டி நம்ம வீட்டுலயும்தானே இருக்கு, அத மறக்காம சொல்லுங்க.

வலை பாடத்துக்கு பழைய நைலோன் வலைத் துண்டு ஒண்ணு போதும். கைய மட்டும் உள்ள விட்டு இழுத்துப் பாக்கச் சொல்லுங்க, தலைல கழுத்துல போட விடவே கூடாது, பக்கத்துலயே நில்லுங்க. சீல் மீன் இல்ல, மேல வந்துதான் மூச்சு எடுக்கணும், வலைல மாட்டுன குட்டிக்கு அத அறுக்க பலம் கிடையாது, தண்ணிக்குள்ளயே மூச்சு முட்டி செத்துரும். அதனாலதான் குட்டிங்க தாய விட்டுப் பிரிஞ்சு தனியா நீந்தப் பழகுற ஏப்ரல் 15 தொடக்கம் ஜூன் 30 வரைக்கும் சீல் இருக்குற பகுதிகள்ல வலை போட அங்க தடை. மீன்காரங்க பொழப்பும் கெடக்கூடாதே, அதுக்கு சீல் நுழைய முடியாத மாதிரி வாய் சின்னதா இருக்குற, மீன் பிடிக்கிற கூண்ட பாவிக்கலாம். இதயும் சேத்தே சொல்லுங்க, இல்லாட்டி மீன் பிடிக்கிற அப்பா இருக்குற புள்ள தன் அப்பாவ குத்தம் சொல்றதா நினைச்சுக்கும்.

கணக்க கடைசில சொன்னா போதும். ஒரு காலத்துல மீனத் திங்குதுன்னு சீலை கொல்றவங்களுக்கு காசு குடுத்திருக்காங்க, 1955ல பாதுகாப்பு வந்துச்சு, அப்படியும் 1980கள்ல 200கூட இல்ல, இப்ப 400க்கு மேல. கூடியிருக்கு, ஆனா ஆபத்து இன்னும் தீரல.

இதுக்கப்புறம் நம்ம மலைக்கு வாங்க. 2020 மே மாசம் நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்துல கருஞ்சிறுத்தை ஒண்ணு சுருக்குக் கம்பில மாட்டி, காப்பாத்திக் கொண்டு போயும் செத்துப் போச்சு, பெரிய புள்ளைங்களுக்கு ஞாபகம் இருக்கும். சிறுத்தைக்குன்னு அத கட்டல, கட்டுறது பன்றிக்கு. அங்க வலையும் மீனுக்குத்தான் போட்டது. இந்த ரெண்டையும் புள்ளைங்களே பொருத்திப் பேசட்டும், நீங்க முந்திக்கிட்டு சொல்லிராதீங்க. ஆனா ஒரு விஷயத்த கண்டிப்பா எழுதிக்க வைங்க: கொழுந்து மலையிலயோ மரக்கறித் தோட்டத்துலயோ மிருகம் மாட்டியிருக்குறத கண்டா கிட்ட போகக் கூடாது, கூட்டம் சேக்கக் கூடாது, பெரியவங்ககிட்ட சொல்லி வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992ங்கிற நம்பர்ல கோல் எடுக்கணும்.

முடிஞ்சா இந்தப் பாடத்த மே மாசத்துல வைங்க. அப்பதான் சீல்கள் முடி உதிர்க்க பாறை மேல ஏறிக் கிடக்கும், டபிள்யூ.டபிள்யூ.எஃப் பின்லாந்துங்கிற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2016ல இருந்து கமரா வச்சு அத நேரலையா காட்டுறாங்க, அந்த வருஷம் புல்லெர்வோன்னு ஒரு சீல் அங்க ரொம்ப பிரபலமாச்சு. நம்ம நேரம் அவங்களவிட ரெண்டரை மணித்தியாலம் முன்னுக்கு, நமக்கு ராத்திரி எட்டு மணின்னா அங்க இன்னும் நல்ல வெளிச்சம், அதனால லயத்துல நாலஞ்சு வீட்டுப் புள்ளைங்க ஒரு போன்ல சேந்து பாக்கலாம். தோட்டத்துல சிக்னல் சரியில்லன்னா டவுனுக்கு போறப்ப கொஞ்சம் வீடியோ இறக்கி வச்சுக்குங்க. உடம்புல இருக்குற வளையக் கோலம் ஒவ்வொரு சீலுக்கும் வேற வேற, அத வச்சுத்தான் ஆராய்ச்சிக்காரங்க ஆள் அடையாளம் பாக்குறாங்க, ஒரே சீலோட ரெண்டு மூணு போட்டோவ மத்ததோட கலந்து போட்டோகொப்பி எடுத்துக் குடுத்து ஜோடி கண்டுபிடிக்கச் சொன்னா ஒரு பாட நேரம் போறதே தெரியாது.