பெர்லின் டிஃபென்ஸில் 14 நகர்த்தலில் டிரா

செஸ்ஸில் கறுப்புக் காய்களோடு உட்கார்ந்து டிராவின் அரைப் புள்ளி போதும் என்றால், பெர்லின் டிஃபென்ஸ் என்ற தொடக்க ஆட்டத்தில் ஒரு குறுக்குவழி உண்டு. ஆனால் வெள்ளையும் இசைந்தால்தான் நடக்கும்.

(முதலில் வெள்ளையின் நகர்த்தல், அடுத்தது கறுப்பின் நகர்த்தல்; காயின் பெயர் இல்லையென்றால் சிப்பாய்.) 1. இ4, இ5. 2. குதிரை எஃப்3, குதிரை சி6. 3. பிஷப் பி5, குதிரை எஃப்6. 4. வெள்ளை காஸ்லிங், கறுப்புக் குதிரை இ4-ஐ வெட்டும். 5. டி4, குதிரை டி6. 6. டி சிப்பாய் இ5-ஐ வெட்ட, குதிரை பி5 பிஷப்பை வெட்டும். 7. ஏ4, பி5 குதிரை டி4-க்கு. (தவறுதலாக சி6 குதிரையை நகர்த்திவிடாதீர்கள்.) 8. வெள்ளைக் குதிரை அதை வெட்டும், கறுப்பு டி5. 9. வெள்ளை என்பாசான்ட் வெட்டு (இரண்டு கட்டம் தாவிய டி5 சிப்பாயை இ5 சிப்பாய் வெட்டி டி6-ல் நிற்கும்), கறுப்புக் குதிரை டி4-ஐ வெட்டும். 10. ராணி டி4-ஐ வெட்டும், கறுப்பு ராணி டி6-ஐ வெட்டும்.

இனி ராணிகளின் ஆட்டம்தான். 11. ராணி இ4 செக், ராணி இ6. 12. ராணி டி4, ராணி டி6. இதையே இன்னொரு முறை ஆடினால், ஒரே நிலை மூன்று முறை வந்து 14-ல் டிராவாக முடியும்.

12-ல் வெள்ளை யானையை இ1-க்குக் கொண்டுவந்து ராணியைக் கட்டிப்போடலாமே என்று தோன்றும். ஆனால் கறுப்பு ராணி இ4 ராணியை வெட்ட, யானை திரும்ப வெட்டும்; ராணிகள் மாறிவிடும், இந்த டிரா வழியும் போய்விடும். கறுப்புக்கும் ஒரு பொறி உண்டு: வெள்ளை ராணி டி4-ல் நிற்கையில் எஃப்8 பிஷப்பை நகர்த்தினால் ஜி7 சிப்பாய் போய்விடும். செக்குக்கு ராஜாவை நகர்த்தினால் காஸ்லிங் உரிமை போகும். நிலையை மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது கிளெய்மில்தான், அதாவது டிரா கேட்பதில். எண்ண வேண்டியது நகர்த்தலை அல்ல, நிலையை. கறுப்பு ராணி டி6-ல் நிற்கும் நிலை 10, 12, 14 என மூன்று முறை வருகிறது. ஆகவே 14-வது நகர்த்தலைக் கறுப்பு ஸ்கோர்ஷீட்டில் (நகர்த்தல்களைக் குறிக்கும் தாளில்) எழுத வேண்டும், காயைத் தொடக்கூடாது, ஆர்பிட்டரை (நடுவரை) அழைக்க வேண்டும். தொட்டுவிட்டால் அந்த நகர்த்தலில் கிளெய்ம் உரிமை இல்லை. ஆடிவிட்டால், அடுத்துக் கேட்கும் உரிமை வெள்ளைக்கு. தவறான கிளெய்முக்கு எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். ஐந்தாம் முறை வந்தால் யாரும் கேட்காமலே டிரா.

வெள்ளை 6-ல் பிஷப்பால் சி6-ஐ வெட்டினால் இதெல்லாம் கிடையாது. ராணிகள் மாறி, கறுப்பு ராஜா டி8-ல் நிற்கும் நீண்ட எண்ட்கேம் வரும். 2000-ல் லண்டனில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் கிராம்னிக் காஸ்பரோவைத் தடுத்து நிறுத்தியது அதில்தான். அதையும் படித்துவிட்டே பலகைக்குப் போங்கள்.