மூன்று பாக்கெட்டில் தீபாவளிப் பரிசுகள்: முதல் முறை செய்பவர்களுக்கு

முதலில் கணக்கு. நம் மலேசியக் கடைகளில் விலைக் கட்டுப்பாட்டில் இருக்கும் மூன்று பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1 கிலோ கோதுமை மாவு பாக்கெட் 1 வெள்ளி 35 காசு. 1 கிலோ சீனி 2 வெள்ளி 85 காசு. 1 கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் 2 வெள்ளி 50 காசு. மூன்றும் சேர்ந்து 6 வெள்ளி 70 காசு. இதோடு ஒரு தேங்காயும், வீட்டுக்குப் பின்னால் ஒரு கறிவேப்பிலை மரமும் இருந்தால் ஆறேழு வீட்டுக்குத் தீபாவளிப் பரிசு தயார்.

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணங்களில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஏன் தேவை என்று விளக்க வேண்டியதில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது நல்லதுதான். ஆனால் வாடகை, மோட்டார் தவணை, பெட்ரோல் எல்லாம் போன பிறகு கையில் நிற்பதை வைத்துத்தான் துணிமணி, பலகாரம், அங்பாவ் அத்தனையும் பார்க்க வேண்டும். போதாததற்கு 2026-இலிருந்து பள்ளி மறுபடியும் ஜனவரியில் திறக்கிறது. தீபாவளி முடிந்த கையோடு காலணி, சீருடை, புத்தகப் பை என்று அடுத்த செலவு வாசலில் வந்து நிற்கும்.

இதில் என் கட்சி ஒன்றுதான். ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு பொருள், அதை ஒழுங்காகச் செய்து கொடுங்கள். ஐந்து வகையை அரைகுறையாக அடுக்கிய தட்டைவிட, மொறுமொறு என்று ஒரு போத்தல் கலகலா (சாய்சதுரமாக வெட்டிப் பொரிக்கும் இனிப்புப் பலகாரம்) எவ்வளவோ மேல்.

படி 1: யாருக்கு எது?

ஒரு தாளில் கொடுக்க வேண்டியவர்கள் பெயரை எழுதுங்கள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்புப் போடுங்கள். நம்மவர்களில் இனிப்பு நீர் (நீரிழிவு) இல்லாத வீடு குறைவு. அந்த வீட்டுக்குச் சீனிப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்து, "ஒன்றே ஒன்று சாப்பிடுங்கள் அத்தை" என்று கட்டாயப்படுத்துவது அன்பில் சேராது. அவர்களுக்குக் கறிவேப்பிலைப் பொடி. பல் இல்லாத தாத்தா பாட்டிக்குக் கலகலா கொடுத்துப் பயனில்லை. அவர்களுக்கும் பொடிதான், சுடுசோற்றில் நெய் விட்டுப் பிசைந்து சாப்பிடுவார்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள். எல்லாம் இருக்கிறது என்று சொல்பவர்களுக்குச் செடி. மற்ற எல்லாருக்கும் கலகலா.

படி 2: செடி (ஆறு வாரம் முன்பே)

வேர் பிடிக்க நாளாகும் என்பதால் இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும். மிக எளிது பாண்டான். தாய்ச்செடியின் அடியில் பக்கக் கன்றுகள் முளைத்திருக்கும். சில கன்றுகளில் வேர் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். அப்படி வேர் உள்ள கன்றாகப் பார்த்துக் கத்தியால் வெட்டி எடுங்கள்.

காலி மைலோ டின்னின் அடியில் ஆணியால் ஐந்தாறு ஓட்டை போடுங்கள். பாதி மண், பாதி மக்கிய குப்பை கலந்து நிரப்பிக் கன்றை நடுங்கள். முதல் இரண்டு வாரம் நிழலில் இருக்கட்டும். புது இலை வந்தால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். துளசியாக இருந்தால் விரல் நீளக் கிளையை வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்ணீர்க் குவளையில் நிறுத்தி வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் வெள்ளை வேர் தெரியும். அப்புறம் டின்னுக்கு மாற்றலாம்.

டின்னுக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். அதில் தேங்கும் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்கு வீடு. பரிசு கொடுக்கப் போய் டிங்கியும் சேர்த்துக் கொடுத்ததாக ஆகிவிடும்.

படி 3: போத்தலும் சுருக்குப் பையும்

பலகாரத்துக்குப் புதுப் போத்தல் வாங்கவே வேண்டாம். போன வருடம் யார் யாரோ கொடுத்த சிவப்பு மூடி போத்தல்கள் அலமாரி மேலே கிடக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, மூடியைத் திறந்தபடி ஒரு நாள் முழுக்கக் காய வையுங்கள். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் பலகாரம் நமுத்துப்போகும்.

போத்தல் பழையதாகத் தெரியாமல் இருக்க ஒரு பை தைக்கலாம். கிழிந்த சேலையின் முந்தானை இதற்கு அருமையான துணி. தையல் இயந்திரம் தேவையில்லை, ஊசி நூல் போதும்.

1. 22 செ.மீ. அகலம், 50 செ.மீ. நீளத்துக்குத் துணியை வெட்டுங்கள்.

2. நான்கு மூலையிலும், பக்கவாட்டு ஓரத்தை 1 செ.மீ. உள்ளே மடித்து, குறுகிய ஓரத்திலிருந்து 8 செ.மீ. நீளத்துக்கு மட்டும் தையுங்கள். கயிறு நுழையும் வாய் பிசிறாமல் இருக்கத்தான் இது. அவசரத்தில் விட்டுவிடாதீர்கள்.

3. இரண்டு குறுகிய ஓரத்தையும் முதலில் 1 செ.மீ., பிறகு 3 செ.மீ. மடித்து, மடிப்பின் கீழ் விளிம்பில் தையுங்கள். இப்போது இரண்டு பக்கமும் கயிறு போகக் குழாய் மாதிரி வழி கிடைக்கும்.

4. நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி துணியை இரண்டாக மடித்து, இரண்டு பக்கத்தையும் அடியிலிருந்து கயிற்று வழிக்குக் கீழ் வரை தையுங்கள். கயிற்று வழியை மூடித் தைத்துவிடக் கூடாது.

5. பையைத் திருப்புங்கள். 60 செ.மீ. நீளத்தில் இரண்டு கயிறு. ஒன்றை இடப்பக்கம் நுழைத்துச் சுற்றிவந்து இடப்பக்கமே எடுத்து முடிச்சுப் போடுங்கள். மற்றதை வலப்பக்கம் அதே போல. இரண்டையும் இழுத்தால் பை சுருங்கும்.

படி 4: கலகலா (ஒரு வாரம் முன்)

பண்டிகை நெருங்க நெருங்கப் பாக்கெட் எண்ணெய் கடையில் கண்ணில் படாது. முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.

முதல் முறை செய்பவர்கள் அரைக் கிலோ மாவில் தொடங்குவது நல்லது. கை பழகிய பிறகு மீதி அரைக் கிலோ. ஒவ்வொரு அரைக் கிலோவுக்கும் மூன்று சிறு போத்தல் நிறையும்.

தேவையானவை: கோதுமை மாவு 500 கிராம், சீனி 150 கிராம், தேங்காய்ப் பால் சுமார் 150 மில்லி, எண்ணெய் 3 மேசைக்கரண்டி, ஏலக்காய் 4, எள் 1 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. பொரிக்க மீதி எண்ணெய். தேங்காய்ப் பால் முதல் பாலாக, கெட்டியாக இருக்கட்டும்.

தேங்காய்ப் பாலை லேசாகச் சூடாக்கிச் சீனியை அதில் கரைத்து ஆற விடுங்கள். கொதிக்க வேண்டாம், திரிந்துபோகும். மாவில் உப்பு, தட்டிய ஏலக்காய், எள் மூன்றையும் கலந்து, நடுவில் குழி பறித்து, 3 கரண்டி எண்ணெயை நன்றாகச் சூடாக்கி ஊற்றுங்கள். முதலில் கரண்டியால் கிளறி, சூடு அடங்கியதும் விரல் நுனியால் தேய்த்துக் கலக்குங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும். நின்றால்தான் பலகாரம் மொறுமொறு என்று வரும். நிற்காமல் உதிர்ந்தால் இன்னும் அரைக் கரண்டி சூடான எண்ணெய் சேர்க்கலாம்.

இப்போது சீனிப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். ஒரேயடியாகக் கொட்டிவிட்டால் மாவு கையில் ஒட்டும், திரும்ப மாவு சேர்க்க வேண்டி வரும், இனிப்புக் குறையும். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். பால் கொஞ்சம் மிஞ்சினாலும் பரவாயில்லை. ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள்.

மாவை நான்கு பங்காக்கி, ஒவ்வொன்றையும் சப்பாத்தியைவிடத் தடிமனாக, 3 அல்லது 4 மில்லிமீட்டருக்குத் தேய்த்துச் சாய்சதுரமாக வெட்டுங்கள். ஓரத்துத் துண்டுகளைத் திரட்டி மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். மெல்லியதாகத் தேய்த்தால் கருகும், தடித்தால் உள்ளே வேகாது.

எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க ஒரு சின்னத் துண்டைப் போடுங்கள். அடியில் போய், இரண்டு மூன்று நொடியில் மெல்ல மேலே வந்தால் சரி. போட்டவுடன் துள்ளிக்கொண்டு மேலே வந்தால் சூடு அதிகம். மாவில் சீனி இருப்பதால் வெளியே சீக்கிரம் சிவந்துவிடும், உள்ளே பச்சையாகவே நிற்கும். ஆகவே கடைசி வரை மிதமான தீ. ஒரு கைப்பிடி அளவு போட்டு, அடிக்கடி திருப்பிவிட்டு, ஐந்தாறு நிமிடத்தில் வெளிர் பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகும் நிறம் கொஞ்சம் ஏறும். சூடாக இருக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து திரும்ப எண்ணெயில் போட வேண்டாம். ஆறினால் மொறுமொறுப்பு தானாக வரும்.

தாளில் பரப்பி, முழுக்க ஆறிய பிறகே போத்தலில் போடுங்கள். குறைந்தது இரண்டு மணி நேரமாவது ஆறட்டும். அக்டோபர், நவம்பரில் நம் பக்கம் சாயங்காலம் ஆனால் மழை கொட்டும், காற்றிலேயே ஈரம் இருக்கும். அதனால் காலையில் பொரித்து மதியத்துக்குள் மூடிவிடுவது நல்லது. மூடி இறுக்கமாக இருந்தால் இரண்டு வாரம் தாங்கும்.

தனியாகச் செய்யாமல் இரண்டு மூன்று வீடு சேர்ந்து செய்யுங்கள். லயத்து வீடுகளில் இன்றைக்கு உன் வீடு, நாளைக்கு என் வீடு என்று முறை வைத்துப் பலகாரம் சுட்ட பழக்கம் இன்னும் பலருக்கு நினைவிருக்கும். ஒரு வீட்டில் கலகலா, ஒரு வீட்டில் முறுக்கு, ஒரு வீட்டில் கடலை உருண்டை. கடைசியில் மாற்றிக்கொண்டால் எல்லா வீட்டிலும் மூன்று வகை இருக்கும். செலவு ஒரு வகைக்குத்தான். என்னைக் கேட்டால் தீபாவளியின் பாதிச் சந்தோஷம் அந்த ராத்திரி அரட்டையில்தான் இருக்கிறது.

படி 5: கறிவேப்பிலைப் பொடி

இரண்டு கைப்பிடி கறிவேப்பிலையைக் கழுவி உதறி, ராத்திரி முழுக்கக் காற்றாடிக்குக் கீழே துணியில் பரப்பிவிடுங்கள். மழைக்காலத்தில் வெயிலை நம்ப முடியாது. மறுநாள் சட்டியில் எண்ணெய் இல்லாமல், சிறு தீயில், கையில் நொறுங்கும் வரை வறுக்கவும். அப்புறம் கால் கப் உளுத்தம் பருப்பு, இரண்டு மேசைக்கரண்டி கடலைப் பருப்பு, எட்டு காய்ந்த மிளகாய், கொட்டைப்பாக்கு அளவு புளி, கொஞ்சம் பெருங்காயம், உப்பு. பருப்புகளைத் தனித்தனியாகச் சிவக்க வறுத்து, புளியைக் கடைசியில் சூட்டில் புரட்டி, ஆறிய பின் எல்லாவற்றையும் அரைத்துச் சின்னப் போத்தலில் போடுங்கள். அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு

முட்டைத் தட்டிலிருந்து ஆறு குழி உள்ள இரண்டு வரிசையை வெட்டி எடுத்தால் பல்லாங்குழிப் பலகை கிடைத்துவிடும். வழக்கமான பதினான்கு குழி இல்லை, பன்னிரண்டுதான். ஆட்டம் ஒன்றும் கெட்டுப்போகாது. பலகைக்கு வண்ணம் பூசப் பிள்ளைகளையே விடுங்கள். காய்க்கு ரப்பர் கொட்டை. இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனைதான், ஆனாலும் பழைய பால்மரம் நிற்கும் இடத்தில் தேடினால் கிடைக்கும். கொட்டை பெரியது, குழிக்கு நான்கு வைத்தால் 48 போதும். கழுவிக் காய வைத்து, மிஞ்சிய துணியில் ஒரு சுருக்குப் பை தைத்து அதில் போட்டுக் கொடுங்கள். ரப்பர் கொட்டை விஷத்தன்மை உள்ளது. வாயில் வைக்கும் வயதுக் குழந்தை உள்ள வீட்டுக்கு இது வேண்டாம், புளியங்கொட்டையும் வேண்டாம், தொண்டையில் சிக்கும். ரப்பர் கொட்டையைத் தரையில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவன் கையில் வைக்கும் வித்தையைச் சொல்லிக்கொடுப்பது உங்கள் விருப்பம்.

வாசல் கோலம்

வண்ண மாவு வாங்குவதற்குப் பதில் நொய்யரிசி. ஒரு கப் அரிசிக்கு அரைத் தேக்கரண்டி உணவு நிறமும் ஒரு தேக்கரண்டி வினிகரும் சேர்த்துப் பிளாஸ்டிக் பையில் குலுக்குங்கள். பத்திரிகைத் தாளில் இரண்டு மூன்று மணி நேரம் காய்ந்தால் போதும். மழைச் சாரல் படாத அஞ்சடியில் (வீட்டு முன்நடையில்) போடுங்கள். பண்டிகை முடிந்ததும் நிறம் நிறமாக அள்ளிப் போத்தலில் வைத்தால் அடுத்த வருடத்துக்கும் ஆகும்.

கொடுக்கும்போது

ஒவ்வொரு போத்தலிலும் என்னென்ன போட்டுச் செய்தது, என்றைக்குச் செய்தது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டுங்கள். மலாய்க்காரப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால் இது ரொம்ப முக்கியம். மாவு, எண்ணெய் எல்லாம் ஹலால் முத்திரை உள்ள பாக்கெட்டாகப் பார்த்து வாங்கி, பொருள்களை மலாயிலும் எழுதிவிட்டால் அவர்கள் தயங்காமல் சாப்பிடுவார்கள். கடலை, எள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அந்தத் தாள் உதவும்.

பலகாரத்தைத் தீபாவளிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. அன்றைக்குக் கொடுத்தால் அவர்கள் வீட்டு மேசையில் ஏற்கெனவே இருக்கும் பத்துப் போத்தலோடு இதுவும் ஒன்றாகப் போய்விடும். செடியை மட்டும் பண்டிகை முடிந்து, விருந்தாளிகள் எல்லாம் கிளம்பிய பிறகு கொண்டுபோய்க் கொடுங்கள். பொரித்து மிஞ்சிய எண்ணெயை ஆற வைத்து வடிகட்டி, இரண்டு மூன்று நாளுக்குள் சம்பாலுக்கோ தாளிப்புக்கோ பயன்படுத்திவிடுங்கள். கால்வாயில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும்.